எந்த உடல் பட்டினியைத் தாங்கும்?

1996 ஓகஸ்ட் 23ஆம் திகதி காலை, பரிஸ் 18ஆம் வட்டாரத்திலுள்ள சென் பெர்னார் தேவாலயத்தின் கதவைப் பொலிசார் கோடரியால் பிளந்துகொண்டு உள்ளே நுழைந்தார்கள். வதிவிட அனுமதி கேட்டு அங்கே தங்கியிருந்த ஆபிரிக்கக் குடும்பத்தவர்களில் பத்துப் பேர் அன்று உண்ணாநோன்பின் ஐம்பதாவது நாளில் இருந்தார்கள். லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய இடம் அது. பத்துப் பேரும் உயிர் தப்பினார்கள். 1981இல் வட அயர்லாந்தின் மேஸ் சிறையில் தண்ணீரும் உப்பும் மட்டும் எடுத்து நோன்பிருந்து இறந்த பத்து இளைஞர்களில் ஒருவர் 46ஆம் நாளில் இறந்தார். இன்னொருவர் 73 நாள் தாங்கினார். தமிழ்நாடு என்ற பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளை வைத்து 1956இல் விருதுநகரில் நோன்பிருந்த சங்கரலிங்கனார் அறுபது வயதைக் கடந்தவர். 75 நாளுக்கு மேல் அவருடைய உடல் தாங்கியது. 1987இல் நல்லூர் வீதியில் திலீபன் 12ஆம் நாளில் உயிர்விட்டபோது அவருக்கு 23 வயது. இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு நம்மிடையே புழங்கும் விளக்கம் ஒன்றுதான்: கொழுத்த உடம்பு நாள் தாங்கும், ஒல்லி உடம்பு வேளைக்கே சாய்ந்துவிடும். இதில் பாதி உண்மை. தண்ணீர் கிடைத்து, நோய் தொற்றாமல், உப்பும் விற்றமினும் தீராமல் இருக்கும் வரைக்கும் உடல்வாகு உயிர் தங்கும் நாளைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. இந்த மூன்றில் ஒன்று கைவிட்டாலும், உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பது பின்னுக்குப் போய், நேர்ந்தது எந்த வகைப் பட்டினி என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. பட்டினியைப் பற்றி நூறாண்டுக்கு மேலாகச் சேர்ந்திருக்கும் சான்றுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் இந்த முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தப் பாதி உண்மையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 70 கிலோ எடையுள்ள சராசரி ஆணின் உடலில் ஏறத்தாழ 15 கிலோ கொழுப்பு உண்டு. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும் என்பதால், படுத்துக் கிடக்கும் ஒருவருக்கு அது ஏட்டுக்கணக்கில் மூன்று மாதத்துக்குப் போதும். ஆனால் மூளை கொழுப்பை நேரடியாக எரிப்பதில்லை. அதற்கு ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் வரை குளுக்கோஸ் வேண்டும். ஈரலில் உள்ள மாச்சத்து ஒரு நாளில் தீர்ந்துவிடும்; கொழுப்பிலிருந்து குளுக்கோஸ் செய்யும் வழி உடலுக்குப் பெரும்பாலும் இல்லை. ஆகவே அது தசையைக் கரைக்கத் தொடங்குகிறது. விறகு தீர்ந்த வீட்டில் கூரை வளையை முறித்து அடுப்பில் வைப்பது போன்ற வேலை இது. முதல் நாட்களில் நாளொன்றுக்கு 75 கிராம் அளவுக்குப் புரதம் போகிறது. தசையாகப் பார்த்தால் முந்நூறு கிராமுக்கு மேல். உடலில் மொத்தம் இருப்பதோ ஆறு கிலோ புரதம். அதில் பாதி போகும் முன்பே மூச்சுத் தசையும் இதயமும் தளர்ந்துவிடும். இந்த வேகம் தொடர்ந்திருந்தால் கொழுத்தவர், மெலிந்தவர் என்ற பேதமின்றி எல்லோரும் ஐந்தாறு வாரத்தில் முடிந்திருப்பார்கள். அப்படி ஆவதில்லை. 1960களில் பொஸ்டனில் ஜோர்ஜ் காஹிலும் அவருடைய குழுவினரும், வாரக்கணக்கில் உணவில்லாமல் இருந்த நோயாளிகளின் மூளைக்குப் போகும் இரத்தத்தையும் மூளையிலிருந்து திரும்பும் இரத்தத்தையும் அளந்து, காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். கொழுப்பு ஈரலில் கீட்டோனாக மாறுகிறது. மூளை தன் தேவையில் மூன்றில் இரண்டு பங்கை அந்தக் கீட்டோனிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. புரத இழப்பு நாளுக்கு 20 கிராம் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. கொழுப்பு உயிரைக் காப்பது இந்த வழியில்தான். பட்டினியில் உயிரின் எல்லையைக் குறிப்பது புரதம். அந்த எல்லையைத் தள்ளிப் போடுவது கொழுப்பு.

காஹிலிடம் வந்தவர்கள் பருமனானவர்கள் என்பதை இங்கே மறக்கக் கூடாது. மெலிந்த உடலில் இந்தச் சிக்கனம் அவ்வளவு நன்றாக நடப்பதில்லை. 1912இல் அதே பொஸ்டனில், மால்ட்டாவைச் சேர்ந்த லெவன்சின் என்பவர் வடிநீர் மட்டும் குடித்து 31 நாள் இருந்தார். இரவில் உடல் வெப்பத்தை அளக்கும் பெட்டி ஒன்றுக்குள் படுக்கவைத்தார்கள். ஒரு சொட்டுச் சிறுநீரையும் விடாமல் சேர்த்தார்கள். ஏறத்தாழ 60 கிலோவாக இருந்தவர் 47 கிலோவுக்கு இறங்கினார். புரதம் கரைவதைக் காட்டும் நைதரசன், 31ஆம் நாளிலும் ஏறத்தாழ 7 கிராம் வெளியேறிக்கொண்டிருந்தது. காஹிலின் பருமனான நோயாளிகளில் அது 3, 4 கிராமுக்கு இறங்கியிருந்தது. இத்தகைய அளவீடுகளையெல்லாம் தொகுத்து மரினோஸ் எலியாவும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் ஒரு கணக்குத் தந்தார்கள். முழுப் பட்டினியில் இருக்கும் மெலிந்தவர் தனக்கு வேண்டிய சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைப் புரதத்தை எரித்து எடுக்கிறார்; பருமனானவர் எடுப்பது 6 சதவீதம். மெலிந்தவரிடம் கையிருப்பும் குறைவு, அதைச் செலவழிக்கும் முறையும் அவருக்குப் பாதகம். பொதுநம்பிக்கை சொல்வதைவிட உண்மை கடுமையானது என்றே இதைப் படிக்க வேண்டும்.

இந்தக் கணக்கின் மறு எல்லையில் நிற்பவர் ஸ்கொட்லாந்தின் அங்கஸ் பார்பியரி. 1965-66இல் டண்டி நகர மருத்துவர்களின் கண்காணிப்பில் 382 நாள் திட உணவில்லாமல் இருந்து 207 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு வந்தார். கொழுப்பின் வல்லமைக்கு இவரையே எல்லோரும் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். அவருக்கு விற்றமினும் தேவைப்பட்டபோது பொட்டாசியமும் சோடியமும் கொடுக்கப்பட்டதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அதே காலத்தில் எடை குறைக்கப் பட்டினி போடப்பட்ட எல்லோருக்கும் அவருடைய விதி வாய்க்கவில்லை. பிரித்தானியாவில் 20 வயதுப் பெண் ஒருவர் 30 வாரப் பட்டினிக்குப் பிறகு, மீண்டும் உணவு கொடுக்கத் தொடங்கிய நாட்களில், இதயத்துடிப்புக் குழம்பி இறந்தார். அவருடைய இதயத்தசை நார்கள் துண்டுதுண்டாக உடைந்திருந்ததை 1969இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 1977இல் அமெரிக்காவில் தரக்குறைவான திரவப் புரதத்தை மட்டும் அருந்தி எடை குறைக்க முயன்ற பருமனான பெண்கள் பலர் திடீரென இறந்தார்கள். அந்த மரணங்களைப் பின்னர் ஆராய்ந்தபோது, தொடக்கத்தில் அதிக எடையோடு இருந்தவர்கள் அதிக நாள் தாங்கியிருந்தது தெரிந்தது. கொழுப்பு நாளைக் கூட்டுகிறது என்பதற்கு இது நல்ல சான்று. உடம்பில் கொழுப்பு மிச்சமிருக்கும்போதே ஒருவர் பட்டினியால் இறக்கலாம் என்பதற்கும் இதுவே சான்று.

தண்ணீருக்கு வந்தால் உடல்வாகின் கணக்கு அப்படியே கவிழ்ந்துவிடுகிறது. ஈழத்தமிழரின் நினைவில் அழியாமல் இருக்கும் இரண்டு உண்ணாநோன்புகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். விடுதலைப் புலிகளின் யாழ் மாவட்ட அரசியல் பொறுப்பாளராக இருந்த திலீபன், மருத்துவ பீடத்தில் படித்தவர், 1987 செப்ரெம்பர் 15இல் தண்ணீரும் அருந்தாத நோன்பைத் தொடங்கி 26ஆம் திகதி இறந்தார். மட்டக்களப்பு மாமாங்கப் பிள்ளையார் கோயிலடியில் அன்னை பூபதி 1988 மார்ச் 19இல் தொடங்கிய நோன்பு ஏப்ரல் 19 வரை நீண்டது. அவர் தண்ணீர் அருந்தினார். இருபத்துமூன்று வயது இளைஞர் 12 நாள், ஐம்பதைக் கடந்த, பத்துப் பிள்ளைகளைப் பெற்ற தாய் ஒரு மாதம். வயதையும் உடல்வாகையும் வைத்து எவ்வளவு கணக்குப் போட்டாலும் இந்த வேறுபாட்டுக்கு விடை வராது. தோலாலும் மூச்சாலும் மட்டும் ஒரு நாளில் முக்கால் லீற்றர் அளவுக்கு நீர் போகிறது. கழிவை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு இன்னும் அரை லீற்றராவது வேண்டும். யாழ்ப்பாணத்து வெயிலில் வியர்வையும் சேரும். கொழுப்பு எரியும்போதும் நீர் உண்டாகிறதே, ஒட்டகத்தின் திமில் அதற்குத்தானே என்று ஒருவர் கேட்கலாம். நூறு கிராம் கொழுப்பு எரிந்தால் நூறு மில்லிலீற்றரை விடச் சற்றுக் கூடுதலாக நீர் வரும் என்பது சரிதான். ஆனால் பட்டினியில் இருப்பவர் நாளொன்றுக்கு எரிப்பது 150 கிராம் அளவு. கிடைப்பது ஒரு சிறு கோப்பைத் தண்ணீர். இழப்போ லீற்றர் கணக்கு. தசையில் முக்கால் பங்கு நீர், கொழுப்புத் திசுவில் மிகக் குறைவு. ஆகவே தாகத்தின் முன் பருமனான உடலுக்கு அதன் எடையை வைத்து எந்தச் சலுகையும் கிடைப்பதில்லை. தண்ணீரையும் விட்ட நோன்பைத் தண்ணீரோடு இருந்த நோன்புகளுடன் நாட்கணக்கில் ஒப்பிடுவது அடிப்படையிலேயே பிழை. திலீபனின் பன்னிரண்டு நாளைப் பூபதியின் ஒரு மாதத்தோடும் அயர்லாந்தின் அறுபது, எழுபது நாளோடும் ஒப்பிட்டு மனவுறுதியை அளக்க முற்படும் பேச்சுக்கள் அவ்வப்போது எழுகின்றன. அவை உடலியலையும் அறியாதவை, இறந்தவர்களுக்கும் நியாயம் செய்யாதவை.

விற்றமினின் பங்கைத் துருக்கிச் சிறைகள் காட்டின. 1996இல் அங்கே நடந்த உண்ணாநோன்பில் இரண்டு மாதம் கடந்ததும் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். 2000ஆம் ஆண்டு தொடங்கிய அடுத்த நோன்பில் பலர் சர்க்கரையும் உப்பும் பி1 விற்றமினும் சேர்த்துக்கொண்டார்கள். சிலர் இருநூறு நாளைத் தாண்டினார்கள். உடல்கள் மாறவில்லை, எடுத்துக்கொண்டது மாறியது. பி1 கிடைக்காமல் உயிர் பிழைத்தவர்கள் பலருக்கு நினைவும் நடையும் நிரந்தரமாகப் போயின. அந்தப் பாதிப்பு ஒல்லி, பருமன் பார்த்து வருவதில்லை.

இதுவரை சொன்னவை தாமாக உணவை மறுத்தவர்களின் கதை. வரலாற்றில் பட்டினியால் செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அப்படிச் சாகவில்லை. அவர்களுக்கு உணவு அறவே நிற்கவில்லை, போதாமல் போனது. 1876-78இன் தாது வருடப் பஞ்சம் தமிழர் கண்ட பஞ்சங்களிலேயே கொடியது. வைசிராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் 1877 சனவரியில் நிவாரண வேலைத்தளங்களில் கூலியைக் குறைத்தார். ஆள் ஒருவருக்கு நாளுக்கு ஓர் இறாத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்பது அவருடைய கணிப்பு. மதராஸ் மாகாணச் சுகாதார ஆணையர் கோர்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். உடலுழைப்பு செய்கிறவனுக்குப் பருப்பு போன்ற புரத உணவும் வேண்டும், சிறைக் கைதிக்குக் கொடுப்பதை விடக் குறைவாக வேலைத்தளத்தில் கொடுக்கிறோம் என்பது அவருடைய வாதம். ஓர் இறாத்தல் அரிசியைக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 1,600 கலோரி வரும். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் அன்செல் கீஸ், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களைத் திட்டமிட்டு அரைப்பட்டினி போட்டபோது கொடுத்ததும் சராசரியாக 1,570 கலோரிதான். விஞ்ஞானி பட்டினியை உண்டாக்கத் தேர்ந்த அளவும், ஆட்சியாளர் பஞ்ச நிவாரணம் என்று தந்த அளவும் ஏறத்தாழ ஒன்றாக இருந்திருக்கின்றன.

அந்த இளைஞர்கள் 24 வாரத்தில் உடல் எடையில் கால்வாசியை இழந்தார்கள்; உடல் ஓய்வாக இருக்கும்போது எரிக்கும் சக்தி 40 சதவீதம் அளவுக்குக் குறைந்தது; இதயம் சுருங்கியது; மனம் சோற்றைத் தவிர எதையும் நினைக்கவில்லை. ஒருவரும் சாகவில்லை. மதராஸ் மாகாணத்தில் செத்தவர்களின் தொகை இலட்சக் கணக்கில் ஏறியது. மினசோட்டாக்காரர்கள் நன்றாக ஊட்டம் பெற்ற உடல்கள், தமிழ்நாட்டுக் கூலிகள் ஏற்கெனவே இளைத்த உடல்கள், ஆகவே உடல்வாகுதான் வேறுபாட்டுக்குக் காரணம் என்று வாதிட முடியும். அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் கீஸின் ஆட்களுக்குச் சூடான தங்குமிடம் இருந்தது, சுத்தமான தண்ணீர் இருந்தது, நாள்தோறும் நாடி பார்க்க மருத்துவர் இருந்தார். மதராஸ் முகாம்களில் வாந்திபேதியும் வயிற்றுளைச்சலும் இருந்தன. பக்கிங்காம் கால்வாய் போன்ற வேலைகளில் மண் வெட்டிச் சுமக்க வேண்டியிருந்தது. கீஸின் ஆட்களைக் கொண்டுபோய் அந்த முகாமில் இருத்தியிருந்தால், கொழுப்பு மிச்சமிருந்த உடல் சில வாரம் கூடுதலாக நின்றிருக்கும். கொலராவின் முன் அதுவும் இல்லை. பஞ்சத்தில் உடல் தன் கையிருப்பு முழுவதும் தீரும் வரை பெரும்பாலும் வாழ்வதே இல்லை. நோயெதிர்ப்பு முதலில் தளர்கிறது, சாதாரணக் காய்ச்சலும் கழிச்சலும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன.

டெம்பிளின் பக்கத்துக்கு வலுச்சேர்ப்பது போலத் தோன்றும் எதிர்வாதம் ஒன்று உண்டு. சிறிய உடலுக்குச் சிறிய தேவைதானே? எண்பது கிலோ மனிதனை விட நாற்பத்தைந்து கிலோ மனிதன் குறைவாகவே எரிக்கிறான். பஞ்சத்தில் அவனுக்குத்தானே வசதி? இந்தக் கேள்வி இந்தியாவில் 1980களில் பெரிய சர்ச்சையாகவே வெடித்தது. புள்ளியியல் அறிஞர் சுகாத்மே, உடல் குறைந்த உணவுக்கு ஏற்பத் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும் என்றார். அமெரிக்கப் பொருளியலாளர் டேவிட் செக்லர் இன்னும் ஒருபடி போய், ஏழைகளின் உடல் சிறியதானாலும் நலமானது என்றார். சேலத்தில் பிறந்து, இந்திய ஊட்டச்சத்து ஆய்வின் தலைமகனாக விளங்கிய சி. கோபாலன் அதை ஏற்கவில்லை. குட்டையாகிப்போன உடல் வறுமையின் விளைவு, அதை இயல்பென்று ஏற்பது வறுமையையே ஏற்பது என்று அவர் நின்றார். பட்டினியின் உடலியலும் அவர் பக்கம்தான். சிறிய உடலுக்கு நாளாந்தத் தேவை குறைவு என்பது மெய். ஆனால் கையிருப்பு அதைவிட வேகமாகக் குறைகிறது. பி.எம்.ஐ. எனும் உடற்திணிவுச் சுட்டி 17இல் நாளாந்தம் உழைத்துக்கொண்டிருக்கும் விவசாயக் கூலியால் ஊட்டமான நாளில் சமாளிக்க முடிகிறது. விளைச்சல் ஒருமுறை பொய்த்தால் கீழே இறங்க அவருக்குப் படிகள் இல்லை. ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 11 என்ற சுட்டியை உயிர்வாழ்வின் எல்லையாக சி. ஜே. கே. ஹென்றி 1990இல் கணித்தார். 22இலிருந்து 13க்கு இறங்குவது ஒரு பயணம், 17இலிருந்து இறங்குவது அதில் பாதியும் இல்லை.

கோபாலன் இன்னொன்றையும் கவனித்தார், அது நம் பொருளுக்கு நேரடியாகச் சேர்ந்தது. ஒரே வகையான உணவுக்குறையில் ஒரு குழந்தை எலும்பும் தோலுமாக வற்றுகிறது. மற்றக் குழந்தை உடல் வீங்கி, முடி நிறம் மாறிக் கிடக்கிறது. உணவு வேறில்லை, உடல் அதை எதிர்கொண்ட விதம் வேறு. வீங்கும் குழந்தைகளே அதிகம் இறக்கின்றன. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2012இல் வெளியான ஜமெய்க்கா ஆய்வு, வற்றிப்போன குழந்தைகள் பிறக்கும்போதே எடை குறைந்தவர்களாக இருந்ததைக் காட்டியது. கருவிலேயே சிக்கனம் பழகிய உடல் பஞ்சத்தில் மேலாகத் தாங்குகிறது என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம். செக்லருக்கு இது சாட்சியாகுமா? ஆகாது. அந்தச் சிக்கனத்துக்கு உடல் கொடுக்கும் விலை பின்னர் வருகிறது. புனேயில் யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்தபோது சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்டன் குழந்தைகள் 3.5 கிலோ. தசையும் வயிற்று உறுப்புகளும் சிறுத்திருந்தன, கொழுப்பு மட்டும் காப்பாற்றப்பட்டிருந்தது. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு என்ற இந்த உடல்வாகு பரிஸ் புறநகரான பொண்டியிலோ ரொறன்ரோவிலோ வாழும் நம்மவர்க்கும் தெரிந்ததே. நாற்பது வயதில் சீனி வியாதியாக அது வெளிப்படுகிறது. பட்டினியிலும் அதற்குப் பாதகம் உண்டு. எல்லையைக் குறிப்பது புரதம் என்றால், தசை குறைவாக உள்ள உடல் அந்த எல்லைக்கு அருகிலேயே பயணத்தைத் தொடங்குகிறது. ஐரோப்பிய உடல்களை வைத்து வகுத்த பி.எம்.ஐ. அட்டவணை 22 என்று காட்டும் தமிழ் உடலில், அதே 22 காட்டும் பிரெஞ்சு உடலில் உள்ள தசை பெரும்பாலும் இருக்காது.

வெள்ளையர் ஆட்சியின் பஞ்சங்களே நம் உடலை இப்படி மாற்றிவிட்டன என்ற கருத்து இப்போது பரவலாகப் பேசப்படுகிறது. பஞ்சம் தலைமுறை தாண்டியும் உடலில் தடம் விடும் என்பதற்கு 1944-45இன் டச்சுப் பஞ்ச ஆய்வுகள் ஆதாரம் தருகின்றன. ஆனால் தென்னாசியரின் தசைக்குறைவுக்கு மட்டும் அந்தக் காரணம் போதாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய எலும்புக்கூடுகளிலேயே அதன் அடையாளம் இருப்பதை 2019இல் எமா பொமரோய் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். ஆங்கிலேயரின் பஞ்சக் கொள்கை மன்னிக்க முடியாதது. அதைக் குற்றஞ்சாட்ட இந்த ஆதாரம் தேவையில்லை.

பெண்களின் நிலை உடல்வாகு பற்றிய வாதத்துக்கு நல்ல சோதனை. பெண்ணுடலில் கொழுப்பின் பங்கு அதிகம், ஓய்வில் எரிக்கும் சக்தி குறைவு. எதிர்பார்த்தபடியே பஞ்சங்களில் அவர்கள் கூடுதலாகப் பிழைக்கிறார்கள். தாது வருடப் பஞ்சத்திலும் ஆண்களே அதிகம் செத்தார்கள். 1933இன் உக்ரேன் பஞ்சத்தில் ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 7.3 ஆண்டாகவும் பெண்களுடையது 10.9 ஆகவும் சரிந்ததை 2018இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆனால் இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி பச்சைக் குழந்தைகளிடமிருந்து வருகிறது என்பதையும் அதே ஆய்வு கண்டது. பிறந்த குழந்தைகளில் ஆண், பெண் கொழுப்பு வேறுபாடு மிகச் சிறிது. ஆகவே நோயெதிர்ப்பிலோ சுரப்பிகளிலோ இன்னொரு காரணம் இருக்க வேண்டும். கொழுப்பை மட்டும் வைத்து இதை விளக்கிவிட முடியாது.

1992-93இல் சோமாலியாவின் பைடோவாவில் பணியாற்றிய மருத்துவர் ஸ்டீவ் கொலின்ஸ் கண்டது இந்த வாதத்தை இன்னும் இறுக்குகிறது. ஹென்றி வகுத்த எல்லைக்குக் கீழே, சுட்டி 10க்கும் குறைந்த நிலையில் வந்தவர்கள் சிகிச்சையில் பிழைத்தார்கள். உயரமான, நீண்ட கால்கள் உடைய சோமாலிய உடல்வாகில் அந்தச் சுட்டி இயல்பாகவே தாழ்ந்து காட்டும் என்பது ஒரு காரணம். தகுந்த பராமரிப்பு இன்னொரு காரணம். பின்னர் அவரும் மார்க் மயாட்டும் யார் இறப்பார் என்பதை எதை வைத்துச் சொல்லலாம் என்று ஆராய்ந்தபோது, மெலிவின் அளவை விட மூன்று எளிய அறிகுறிகள் நன்றாகப் பேசின: உடல் வீக்கம், எழுந்து நிற்க முடியாமை, நீர் வற்றிய தோற்றம். வீங்கிய உடல் தராசில் கனமாகவே நிற்கும். எடையை மட்டும் பார்த்து வரிசை பிரிக்கும் முகாமில் வீங்கியவரே பின்னுக்குத் தள்ளப்படுவார்.

2009இல் வன்னியில் நடந்ததை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. ஏப்ரல் முடிவில் போர்ப்பகுதிக்குள் பத்தாயிரம் பேரே மிஞ்சியிருப்பதாக இலங்கை அரசு சொன்னது, ஐ.நா. மதிப்பிட்டது 1,27,177 பேர். உணவும் மருந்தும் எவ்வளவு உள்ளே போகலாம் என்பது இத்தகைய தலைக்கணக்கின் மேல்தான் நின்றது என்பதை ஐ.நா. பொதுச்செயலாளரின் நிபுணர் குழு 2011இல் எழுதியது. கொழுத்தவர், மெலிந்தவர் என்ற வேறுபாட்டுக்கு அந்தத் தொகை வேறுபாட்டின் முன் என்ன பொருள்? அங்கே மக்களைக் காத்தது அரிசியும் உப்பும் தண்ணீரும் மட்டும் சேர்ந்த கஞ்சி. அதைத் துயரத்தின் சின்னமாக ஆண்டுதோறும் காய்ச்சிக் குடிக்கிறோம். அதன் உடலியலையும் அறிந்துகொள்வது நல்லது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், கப்பல் மூழ்கி உயிர்காப்புப் படகில் தத்தளிக்கும் மாலுமிக்கு என்ன உணவு வைப்பது என்று ஹார்வர்ட் மருத்துவர் ஜேம்ஸ் காம்பிள் ஆராய்ந்தார். நாளுக்கு நூறு கிராம் குளுக்கோஸ் கொடுத்தாலே உடலின் புரத இழப்பு பாதியாகிறது, நீர்த் தேவையும் குறைகிறது என்று கண்டார். மூளை கேட்கும் குளுக்கோஸை அது கொடுத்துவிடுவதால் தசை தப்புகிறது. நூற்றி இருபது, முப்பது கிராம் அரிசியில் அந்த நூறு கிராம் மாச்சத்து இருக்கிறது. கஞ்சித்தண்ணீர் தாகத்தையும் தீர்த்தது, உப்பையும் ஈடுசெய்தது. மெலிந்த உடலுக்கும் பருமனான உடலுக்கும் இடையே பட்டினி வைக்கும் வேறுபாட்டை நாளுக்கு அவ்வளவு அரிசியில் காய்ச்சிய கஞ்சி ஓரளவு சமன்செய்துவிடும்.

பட்டினி முறிந்த பிறகும் உடல்வாகு பற்றிய தவறான எண்ணம் உயிரை வாங்கலாம். 1942இல் வார்சா கெட்டோவில், தாமும் பசியில் இருந்துகொண்டே, யூத மருத்துவர்கள் பசிநோயை ஆராய்ந்தார்கள். தலைமை தாங்கிய மிலெய்கோவ்ஸ்கி உட்படப் பலர் போரின் முடிவைக் காணவில்லை. மறைத்துவைக்கப்பட்ட ஏடுகள் 1946இல் பிரெஞ்சிலும் நூலாக வந்தன. நீண்ட பசிக்குப் பின் திடீரென உணவு ஏறும்போது இதயத்துக்கு நேரும் ஆபத்தைப் போருக்குப் பிந்திய மருத்துவம் இன்னும் தெளிவாகக் கண்டது: இன்சுலின் எழும்பி, இரத்தத்திலிருக்கும் பொஸ்பேற்றையும் பொட்டாசியத்தையும் உயிரணுக்களுக்குள் இழுத்துக்கொள்ள, துடிப்புக் குழம்புகிறது. இன்று பிரித்தானிய வழிகாட்டி இதற்கான பேராபத்து அறிகுறிகளைச் சொல்லும்போது, சுட்டி 16க்குக் கீழ் இருப்பதையும் பத்து நாளுக்கு மேல் ஏறத்தாழ எதுவும் உண்ணாதிருந்ததையும் ஒரே தட்டில் வைக்கிறது. இரண்டில் ஒன்று இருந்தாலே போதும். தொண்ணூறு கிலோ எடையுடன் நோன்பை முடிக்கும் ஒருவருக்கு, நன்றாகத்தானே இருக்கிறார் என்று முதல் வேளையே வயிறு நிறையச் சோறு போடுவதும், குளுக்கோஸ் ஏற்றும் முன் பி1 ஊசி போட மறப்பதும் ஆபத்து. அவரைப் பார்க்கும் மருத்துவரும், பக்கத்தில் இருக்கும் உறவினரும் முதலில் விசாரிக்க வேண்டியது எத்தனை நாள் சாப்பிடவில்லை, தண்ணீர் குடித்தாரா, உப்பும் விற்றமினும் எடுத்தாரா என்பதைத்தான். எடையைப் பிறகு நிறுக்கலாம்.